எலுமிச்சை வைத்த இரவு

விருத்தாசலத்திலிருந்து வந்திறங்கிய மூட்டையில்
பெயர் அதேதான், முத்திரையும் அதேதான்.
ஃபெல்ட்ஸ்பார், ஐம்பது கிலோ.
கையை உள்ளே விட்டதும் தெரிந்துவிட்டது.
கொஞ்சம் வழுக்கல் கூடுதல்.
நைனா முகமதுக்குப் போன் போட்டேன்.
"அதே சரக்குதாம்மா, மலைதான் வேற" என்றார்.

ஆக, மறுபடி முதலிலிருந்து.

கல் நாற்பது, சாம்பல் முப்பது,
வெங்கச்சங்கல் தூள் இருபது,
மீதிக்கு நெய்வேலி வெள்ளைக் களிமண்.
அடுத்த வில்லையில் சாம்பலை ஐந்து கூட்டி
கல்லை ஐந்து குறைத்தேன்.
அதற்கடுத்ததில் இன்னும் ஐந்து.
சாம்பலிலும் மூன்று தினுசு:
தேவனாம்பட்டினம் போகும் சாலையில்
பலராமன் டீக்கடைச் சவுக்கு,
பண்ருட்டி முந்திரி விறகு,
ரைஸ்மில் உமி.
உமி லேசில் உருகாது, வீம்பு பிடிக்கும்.
முந்திரி பொறுமையில்லாமல் ஓடிவிடும்.
சவுக்கு எங்கே நின்றதோ
என்ன உப்பைக் குடித்ததோ
சாக்குக்குச் சாக்கு ஒரு குணம்.

நாற்பத்திரண்டு வில்லைகள்.
ஒவ்வொன்றுக்கும் ஆணியில் மாட்ட ஓர் ஓட்டை,
முதுகில் இரும்புத்துரு மையில் எண்.
"வளையல் கடை வச்ச மாதிரி இருக்கு" என்றபடி
தனவள்ளி சூளையில் அடுக்கினாள்.

புதுச்சேரி உணவகம் அறுபது கிண்ணம் கேட்டிருந்தது.
சாம்பாருக்கு, ரசத்துக்கு, தயிருக்கு.
நிறத்தைப் பற்றி ஒரே வரி:
கடல் மாதிரி வேண்டும்.

மூன்றாம் நாள் மூடியைத் தூக்கினோம்.
சூடு இன்னும் கன்னத்தில் அறைந்தது.
தவிட்டு நிறம், தயிர் நிறம்,
வெயிலில் தோலுரிந்த முதுகைப் போல
சுருண்டுகொண்டது ஒன்று,
வழிந்து தட்டோடு ஒட்டிக்கொண்டவை மூன்று.
சுத்தியலால்தான் எடுக்க வேண்டியிருந்தது.

பிறகு பத்தொன்பது.

பத்தொன்பதை எப்படிச் சொல்ல.
செம்பை ஒரு சிட்டிகை கூடப் போட்டிருந்தேன்,
தெரிந்தேதான்.
கெடிலம் கடலில் விழும் இடத்தில்
நீர் எந்தப் பக்கம் சேர்வதென்று
இன்னும் முடிவு செய்யாதபோது
ஒரு பச்சை வருமே, ஓரத்தில் நீலம் கசிந்து,
அது.
தனவள்ளி பேசவில்லை.
வில்லையை எடுத்துத் தொண்டைக்குழியில் வைத்து
பைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள்.

ஆனால் ரசம் என்றால் புளி.
அன்று இரவு ஒன்பது வில்லைகளைத் தேர்ந்தெடுத்து
தலைக்கொரு எலுமிச்சைத் துண்டு கவிழ்த்து
மேலே டம்ளர் மூடி வைத்தேன்.
பரீட்சைக்கு முந்தைய இரவு மாதிரி
இரண்டு தடவை எழுந்து பார்த்தேன்.
இருட்டில் எல்லாம் ஒரே நிறம்.

காலையில் பத்தொன்பதின் மேல்
சுளை சுளையாக ஒரு வெளிறிய அச்சு.
பழத்தைத் திருப்பினால்
அதன் வெள்ளைத் தோலில் லேசான பச்சை.
அவ்வளவு அழகும்
ஒரு ராத்திரியில் இடம் மாறியிருந்தது.
யாரோ ஒருவர் வயிற்றுக்குள்
போகவிருந்தது அது.

முப்பத்தொன்றைத் துடைத்தேன்.
உமியும் சவுக்கும் பாதிப் பாதி, செம்பே கிடையாது.
மங்கல் பழுப்பு, ஆங்காங்கே சாம்பல் பூத்தது.
எலுமிச்சை வைத்த இடம் எதுவென்று
எனக்கே தெரியவில்லை.
அடுப்பில் சுட்டு, பனிக்கட்டித் தண்ணீரில் போட்டு,
கரண்டியால் கீறி,
சோடா உப்பில் ஒருநாள் ஊறவைத்தும் பார்த்தேன்.
எருமை மாதிரி நின்றது.

படம் எடுத்து உணவகத்துக்கு அனுப்பினேன்.
பதில் வந்தது: "இது கடல் மாதிரி இல்லையே?"
எழுதினேன்:
"கார்த்திகையில் கடலூருக்கு வந்து பாருங்கள்.
ஆறு கலந்த பிறகு
கடல் இந்த நிறம்தான்."

இரண்டு நீல டிக்.
நெடுநேரம் கழித்து, சரி.

பத்தொன்பதைக் கறுப்புக் கயிற்றில் கோத்து
தனவள்ளி போட்டுக்கொண்டாள்.
"கழுத்து ரசம் குடிக்காதுல்ல?"
குடிக்காது.
வேர்வை என்ன செய்யுமென்று தெரியாது.
நோட்டில் குறித்துக்கொண்டேன்:
எண் 19, தனவள்ளி, இன்றைய தேதி.
எதிரே ஒரு கட்டத்தைக் காலியாக விட்டேன்.